அண்ணி வெச்ச சர்வரும் அடிச்ச சப்டைட்டிலும்

நாத்தனார்னா அண்ணிகிட்ட மல்லுக்கு நிக்கணும்னு யாராவது சட்டம் போட்டு வெச்சிருக்காங்களா? எனக்கு எங்க அண்ணியைப் பிடிக்கும். அவங்களைப் பத்தி எங்க அண்ணனே ஏடாகூடமா ஒரு வார்த்தை பேசினாலும் நான்தான் முதல்ல சண்டைக்குப் போவேன். அதனால நடுநிலையா கேட்கணும்னா வேற ஆளைப் பாருங்க. இங்க கிடைக்காது.

அண்ணி கோர்ட்டுல டைப்பிஸ்ட். கூண்டுல நின்னு சாட்சி சொல்லச் சொல்ல அவங்க விரலும் கூடவே ஓடும். சாட்சி உளறினா உளறினபடி, திட்டினா திட்டினபடி. பெரிய பெரிய வக்கீலெல்லாம் சாப்பாட்டு நேரத்துல வந்து நின்னு, "அம்மா, அந்த இடத்தைக் கொஞ்சம் நயமா மாத்திப் போட்டுடுங்களேன்"னு பல்லைக் காட்டுவாங்களாம். "சொன்னதைத்தான் அடிப்பேன் சார். சொல்ல நினைச்சதை அடிக்க எனக்குச் சம்பளம் தர்றதில்லை"ன்னு பட்டுனு சொல்லிடுவாங்க. இந்த வீம்பாலேயே பதவி உயர்வு தள்ளித் தள்ளிப் போச்சு. போனா போகுது, கிரீடமா இறங்கிடுச்சு?

அவங்களுக்கு ஒரே பொண்ணு. பிறவியிலேயே காது கேட்காது. அவளுக்கு 'வாயாடி'ன்னு பேர் வெச்சது அவங்க அப்பா, அதாவது எங்க அண்ணன். கை ஓயாது அவளுக்கு. சாப்பிடும்போதுகூட கரண்டியைப் பிடிச்சுட்டே பேசுவா, எதிர்ல உட்கார்ந்தவன் சட்டை போச்சு. அவ கையால பேசுறது எங்க எல்லாருக்குமே அத்துப்படி. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எடுத்ததுக்கெல்லாம் பழமொழி வந்துடும். 'செவிடன் காதில ஊதின சங்கு'ன்னு ஒண்ணு இருக்கே, அதை மட்டும் அந்த வீட்டு வாசல்ல செருப்போட கழட்டி விட்டுட்டுத்தான் உள்ள போவேன். நாங்க எல்லாருமே அப்படித்தான் இருந்தோம். அதுல எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

எங்க குடும்பம் படப் பைத்தியம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா எல்லாரும் டிவி முன்னாடி. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம், வாயாடி எங்க கையைப் பிடிச்சு இழுப்பா, "என்ன, என்ன"ன்னு. "இரு, அப்புறம் சொல்றேன்"பான் எங்க அண்ணன். அப்புறம் சொன்னா அது ஜோக்கா? ஆறிப்போன டீ. ஒருநாள் அவ இழுக்குறதையே நிறுத்திட்டா. எங்க மூஞ்சியைப் பார்த்து, நாங்க சிரிக்கும்போது தானும் பல்லைக் காட்டிட்டு உட்கார்ந்திருந்தா. அதைப் பார்த்துட்டு எழுந்து உள்ள போன அண்ணிதான், அன்னிக்கே லேப்டாப்பை எடுத்து வெச்சு அந்தப் படத்துக்குச் சப்டைட்டில் அடிக்க ஆரம்பிச்சாங்க.

அவங்க அடிச்சதைப் படிச்சா வயிறு வலிக்கும். கோர்ட்டு பழக்கம் போகுமா? 'கதவு பலமாகச் சாத்தப்படுகிறது.' 'நாயகன் பதில் சொல்லவில்லை.' 'மழை பெய்கிறது. இடி இல்லை.' பாட்டு வந்தா, 'நாயகி வாயசைக்கிறார், பாடுவது வேறு ஒருவர்.' "இது என்ன படமா, குற்றப்பத்திரிகையா?"ன்னு அண்ணன் கிண்டல் பண்ணுவான். ஆனா லேப்டாப்பைச் சுத்தி உட்கார்ந்து பார்க்குறப்போ வாயாடி எங்களோட அதே நிமிஷத்துல சிரிச்சா. சில சமயம் எங்களுக்கு முன்னாடியே சிரிச்சா. அதுக்கு விலை வைக்க முடியுமா?

இப்படி வருஷக்கணக்கா, ஆபீஸ் விட்டு வந்து, கடையில டிவிடி வாங்கி வாங்கி, ஒவ்வொரு படமா அடிச்சுச் சேர்த்தாங்க. படமும் சப்டைட்டிலும் லேப்டாப்புல ஒரு பிரதி, மாசச் சந்தா கட்டி இணையத்துல ஒரு கம்பெனிகிட்ட ஒரு பிரதி. அந்தக் கம்பெனிக்காரன்தான் ஒருநாள் கதவைச் சாத்தினான். 'விதிமீறல் காரணமாக உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.' அவ்வளவுதான் மெயில். என்ன விதி, எங்க மீறினோம், ஒண்ணும் கிடையாது. பதில் எழுதினா மெஷின் பதில் போடுது. அதுக்குப் பதில் எழுதினா அதே மெஷின், அதே பதில்.

அண்ணி ஆடின ஆட்டத்தை நீங்க பார்த்திருக்கணும். "கொலை பண்ணினவனைக்கூட கூண்டுல ஏத்தி, உன் மேல என்ன குற்றம்னு படிச்சுக் காட்டிட்டுத்தான் கேள்வி கேக்குறாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டானா? என் பொருளை என்னைக் கேட்காம எடுக்க இவன் யாரு?" அடுப்புல பால் பொங்கி வழியுது, அதைக்கூட பார்க்கல. நான்தான் ஓடிப் போய் அணைச்சேன்.

மிச்சம் இருந்தது லேப்டாப் மட்டும். அதுவும் சாகப் போற கட்டத்துல இருந்துச்சு. நடுவுல நடுவுல தானா அணைஞ்சுடும், மறுபடி கிளப்ப சாமியைக் கும்பிடணும். அது ஒருநாள் எழுந்திரிக்கலேன்னா அத்தனை வருஷ உழைப்பும் போச்சு. வாயாடி மறுபடியும் எங்க மூஞ்சியைப் பார்த்துப் பல்லைக் காட்ட வேண்டியதுதான்.

"வீட்டுலயே சர்வர் வைக்கிறோம்"னு அண்ணி சொன்னாங்க. கேட்கலை, அறிவிச்சாங்க. அதாவது, படத்தையெல்லாம் சேர்த்து வெச்சு டிவிக்கு அனுப்ப வீட்டுக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டர்.

அண்ணனுக்கு மோட்டார் காயில் கட்டுற வேலை, வீட்டுக்குக் கீழேயே பட்டறை. கையெல்லாம் வார்னிஷ் நாத்தத்தோட மேல வந்து, "மாசம் சந்தா கட்டினா உலகத்துல இருக்குற படமெல்லாம் வருது. அதை விட்டுட்டு வீட்டுல யானையைக் கட்டித் தீனி போடுவாங்களா?"ன்னான்.

"அந்த உலகத்துல இவளுக்குப் படிக்கிற மாதிரி ஒரு வரி இருக்கா? பாதிப் படத்துக்குச் சப்டைட்டிலே இல்லை. இருக்குறதுலயும் 'இசை'ன்னு போட்டுட்டு அவன் தூங்கப் போயிடுறான்."

"ஃபிரிட்ஜ் கதவைக் கயித்தால கட்டி வெச்சிருக்கோம். அதை மாத்த வெச்சிருந்த காசுல கம்ப்யூட்டரா?"

"ஃபிரிட்ஜ் இன்னும் கொஞ்ச நாள் கயித்துல நிக்குங்க. இவ நிக்க மாட்டா."

அதுக்கு மேல அண்ணன் வாயைத் திறக்கலை. திறந்திருந்தா நான் இருக்கேனே.

திட்டம் போட்டதெல்லாம் வாயாடிதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஃபோனும் கையுமா உட்கார்ந்து படிப்பா, அப்புறம் எங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பாடம் எடுப்பா. கம்ப்யூட்டர் பழசா இருந்தா போதும். ஏதாவது ஆபீஸ் கழிச்சுப் போட்டது, சின்னதா, கரண்ட்டைக் குடிக்காததா இருக்கணும். அதுல இலவச சாஃப்ட்வேர் ஏத்திக்கலாம். டிவிக்கு வைஃபை வேண்டாம், கேபிளே இழுத்துடலாம், அப்பத்தான் படம் நடுவுல நடுவுல நின்னு திணறாது. கரண்ட் போனா பொட்டுனு அணையாம இருக்க ஒரு சின்ன யூபிஎஸ். "இவளைப் பெத்தது நானா, இல்ல ஏதாவது கம்பெனியா?"ன்னு அண்ணன் என் காதுல கேட்டான்.

கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் உள்ள கலர் கலரா விளக்கு எரியற ஒரு பெட்டியைத் தூக்கி முன்னாடி வெச்சாரு. அண்ணி அதைச் சுத்தி ஒரு பார்வை பார்த்துட்டு, "எங்க வீட்டுல கல்யாணம் எதுவும் இல்லீங்க. அந்த மூலையில தூசி படிஞ்சு கிடக்கே, அதை எடுங்க"ன்னாங்க. அவரும் நல்ல மனுஷன், சிரிச்சுட்டே எடுத்தாரு. ஹார்டு டிஸ்க்கும் பழசே குடுங்கன்னு அண்ணி கேட்டப்போ மட்டும் தலையை ஆட்டிட்டாரு. "மத்ததெல்லாம் பழசு வாங்குங்கம்மா. டிஸ்க் புதுசா ரெண்டு வாங்குங்க. ஒண்ணுல எழுதினா இன்னொண்ணுலயும் தானா எழுதும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு காப்பாத்தும். அவ்வளவுதான் பேக்கப்."

வாயாடி உடனே கையை வீசி மறுத்தா. நான் எடுத்துச் சொன்னேன்: "தப்பா ஒண்ணை அழிச்சா அதுவும் ரெண்டுலயும் சேர்ந்தே அழியுமே, அப்ப என்ன பண்றதுன்னு கேக்குறா." கடைக்காரர் தாடையைச் சொறிஞ்சுட்டு, "அது வாஸ்தவம்தான்"னு ஒத்துக்கிட்டாரு.

அண்ணிக்கு அது சட்டுனு பிடிபட்டுடுச்சு. "ரெண்டு சாட்சியும் ஒரே வீட்டுக்காரன்னா கோர்ட்டுல யாரும் மதிக்க மாட்டாங்க. மூணாவது சாட்சி வேற வீட்டுல இருக்கணும்"னு சொல்லிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. அப்படித்தான் எங்க வீட்டு பீரோவுல என் சேலைக்கு நடுவுல ஒரு ஹார்டு டிஸ்க் வந்து குடியேறுச்சு. மாசா மாசம் வாயாடி வந்து எடுத்துட்டுப் போய்ப் புதுசைச் சேர்த்துட்டு, மறுபடியும் கொண்டு வந்து வெச்சுடுவா. என் வீட்டுக்காரர் அதைத் தொட்டா கை இருக்காதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

சர்வரை எங்க வைக்கிறதுன்னு ஒரு பஞ்சாயத்து. சமையல்கட்டுல சூடு. செருப்பு அலமாரி மேல தூசி. கடைசியில ஹாலுல ரூட்டர் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு வெச்சோம். ரெண்டாம் நாளே அண்ணன் அது மேல காதை வெச்சுக் கேட்டுட்டு, "பேரிங் காயுது, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சரியாயிடும்"னு பட்டறையிலேருந்து எண்ணெய்க் குப்பியோட வந்துட்டான். டிஸ்க் ஓடுற சத்தம் மோட்டார்க்காரன் காதுக்கு அப்படிக் கேட்டிருக்கு. வாயாடி குறுக்கே பாய்ஞ்சு ஸ்டூலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அன்னிலேருந்து அந்த ஸ்டூல் கிட்ட எண்ணெயும் வரக்கூடாது, அண்ணனும் வரக்கூடாது.

லேப்டாப்புக்கு உயிர் போறதுக்குள்ள எல்லாத்தையும் மாத்திட்டோம். முழுசும் ஏறி முடிஞ்சப்போ அண்ணி அந்த லேப்டாப்பைத் தட்டிக் குடுத்து, "போய்ட்டு வா தாயி"ன்னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சிரிப்பும் வந்துச்சு.

முதல் ஞாயிறு. ஜன்னல் திரையெல்லாம் இழுத்து விட்டு, நாலு பேரும் உட்கார்ந்தோம். ஒரு பழைய காமெடிப் படம். எங்களுக்கெல்லாம் மனப்பாடம். வாயாடியும் அதை லேப்டாப்புல பத்து தடவை பார்த்திருப்பா, ஆனா அந்த ஓட்டை லேப்டாப்புல மூஞ்சி எது, முழங்கால் எதுன்னே தெரியாது. இப்போ பெரிய டிவியில, டிவிடியில இருந்த படம் கொஞ்சமும் மங்காம வருது. ஒட்டு மீசை எங்க ஒட்டியிருக்குன்னுகூட தெரியுது. அண்ணன் வாயைப் பிளந்துட்டான். "யானை தேவலாம் போல"ன்னான்.

அந்தப் படத்துல ஒரு இடம். காது கேட்காத ஒரு காவல்காரன் வருவான். காமெடியன் அவன்கிட்ட வழி கேப்பான், கேப்பான், கேட்டுட்டே இருப்பான். கடைசியில கூட வந்தவன்கிட்டத் திரும்பி ஒண்ணு சொல்லுவான். அதுக்குள்ள அண்ணி தண்ணி குடிக்கப் போறேன்னு எழுந்துட்டாங்க. திரையில சப்டைட்டில் வந்துச்சு: 'இவரிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். வாருங்கள், டீ குடிக்கலாம்.'

வாயாடி படத்தை நிறுத்தினா. பின்னால தள்ளினா. மறுபடி ஓட்டினா. காமெடியன் உதடு அவ்வளவு பெருசா, அவ்வளவு தெளிவா தெரியுது. இன்னொரு தடவை ஓட்டினா. மாட்டிக்கிட்டோம்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஏன்னா அவன் முதல்ல சொல்ற அந்த வார்த்தை, 'செவிடன்'ங்கிற வார்த்தை, அவளுக்கு ரொம்பப் பழக்கம். எத்தனையோ உதட்டுல பார்த்த வார்த்தை.

"அப்பா, என்ன சொல்றான்?"னு கையால கேட்டா.

"அதான் கீழ போட்டிருக்கே"ன்னான் அண்ணன், திரையைப் பார்க்காமலே.

என் பக்கம் திரும்பினா. "அத்தை?"

நான் பெரிய அரிச்சந்திரன் பரம்பரை இல்லை. நாளைக்கு நாப்பது பொய் சொல்லுவேன். ஆனா அந்தக் கண்ணைப் பார்த்து வரலை. சொன்னேன். 'இந்தச் செவிடனுக்குச் சொல்றதுக்கு எருமைமாட்டுக்குச் சொல்லலாம், அது தலையாவது ஆட்டும்.' அதான் வசனம்.

அண்ணி சமையல்கட்டு வாசல்லயே நின்னுட்டாங்க, கையில டம்ளரோட.

"நீதான் மாத்தினியா?"ன்னு வாயாடி கேட்டா.

"ஆமா. நான்தான்."

"இந்தப் படத்துல மட்டுமா?"

அண்ணி பதில் சொல்லலை. அவங்க அடிக்கிற மாதிரியே சொல்றதா இருந்தா, சாட்சி பதில் சொல்லவில்லை.

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு கையால கத்தினா. கத்தினான்னுதான் சொல்லணும், விரலெல்லாம் விறைச்சு, மூச்சு வாங்கிட்டு. "நான் பார்த்த படம் வேற, நீங்க பார்த்த படம் வேற. பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்துட்டு இவ்வளவு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்க. அந்தக் கம்பெனிக்காரன் கேட்காம எடுத்துட்டான்னு குதிச்சியேம்மா. நீ என்னைக் கேட்டியா? கோர்ட்டுல கொலைகாரன் சொன்னதை அப்படியே அடிப்பே. எனக்கு மட்டும் பொய்யா?"

"நான் உன் அம்மாடி! என் பொண்ணைப் பார்த்து அவன் அப்படிச் சொல்லுவான், நான் அதை என் கையால அடிச்சுத் தரணுமா? முடியாது. அடிக்க மாட்டேன்!" அண்ணி வாயாலயும் கையாலயும் ஒரே நேரத்துல கத்தினாங்க. டம்ளர்ல இருந்த தண்ணியெல்லாம் தரையில.

வாயாடி கண்ணை மூடிக்கிட்டா. அவ கோபத்துக்கு அதுதான் எல்லை. கண்ணை மூடிட்டா நாம என்ன பேசினாலும் போய்ச் சேராது. எந்தக் கதவையும் அதுக்கு மேல சாத்த முடியாது.

மறுநாள் அண்ணி ஆபீஸ் விட்டு வந்து சர்வரைத் திறந்தா, சப்டைட்டில் இருக்குற இடத்துல அவங்களால ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியலை. படிக்கலாம், அவ்வளவுதான். பாஸ்வேர்டு வாயாடிகிட்ட. பொண்ணு முடக்கிட்டா அம்மாவை! அண்ணன் சிரிச்ச சிரிப்பு கீழ பட்டறை வரைக்கும் கேட்டிருக்கும். "அந்தக் கம்பெனிக்காரனாவது மெயில் போட்டான்"னான். அண்ணி பார்த்த பார்வையில அவனே கீழ இறங்கிப் போயிட்டான்.

அன்னிக்கு அண்ணி எங்க வீட்டுக்கு வந்தாங்க. பீரோவைத் திறந்து அந்த டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாங்க. அப்புறம், "எத்தனை கழுத்தறுப்பு, எத்தனை வெட்டுக்குத்து அடிச்சிருக்கேன். கை நடுங்கினதில்லை. அந்த வரி வந்தப்போ விரல் நின்னுடுச்சு. அவன் எவனோ ஒருத்தன். ஆனா அடிக்கிறது நானில்லையா? நானே அவளைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்துச்சு"ன்னாங்க.

பாவமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் சொன்னேன். "அண்ணி, நானும் அந்த வீட்டுக்குள்ள நாக்கைக் கட்டிட்டுத்தான் வந்தேன். அவளுக்காகன்னு நினைச்சோம். நமக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் பண்ணியிருக்கோம்." அண்ணிக்குக் கோபம் வந்துச்சு. எழுந்து போயிட்டாங்க. போகட்டும், உண்மைதானே.

ரெண்டு நாள் அந்த வீட்டுல டிவியே ஓடலை. மூணாம் நாள் நான் போனப்போ, அண்ணி மேஜை முன்னாடி கீபோர்டோட உட்கார்ந்திருக்காங்க, பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டுட்டு வாயாடி. படம் ஓடுது. எங்க எங்க மாத்தினாங்களோ, அங்கங்க அண்ணியே நிறுத்தி, இங்கன்னு காட்டுறாங்க. உண்மையான வசனத்தை அடிக்கிறாங்க. வாயாடி உதட்டைப் பார்க்குறா, எழுத்தைப் பார்க்குறா, சரின்னு தலையை ஆட்டுறா, அப்புறம்தான் பாஸ்வேர்டு போட்டுச் சேமிக்கிறா. ஊனத்தை வெச்சுப் பண்ணின காமெடி எத்தனை படத்துல இருக்குன்னு அப்பத்தான் எனக்கே உறைச்சது. நானும் அதுக்கெல்லாம் சிரிச்சவதான். ஒவ்வொரு தடவையும் அண்ணி மூஞ்சி செத்துப் போகும், ஆனா விரல் நிக்கலை. ரெண்டும் ஒரே ரகம், வீம்புல.

எல்லாம் அடிச்சு முடிச்ச அப்புறம் வந்த ஞாயித்துக்கிழமை, அதே படத்தைத்தான் போடணும்னுட்டா வாயாடி. வேற போடலாமேன்னு அண்ணன் கெஞ்சிப் பார்த்தான். ஊஹூம். நாலு பேரும் உட்கார்ந்தோம். அந்த இடம் கிட்ட வருது. அண்ணன் தரையைப் பார்க்குறான். அண்ணி இந்தத் தடவை எழுந்து போகலை. சோபா கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுட்டு, பொண்ணு மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தாங்க.

காவல்காரன் வந்தான். காமெடியன் திரும்பினான். வரி வந்துச்சு, ஒரு எழுத்து குறையாம.

வாயாடி படிச்சா. மூஞ்சியில ஒண்ணும் மாறலை. உதட்டைப் பிதுக்கிட்டு, எங்களை ஒவ்வொருத்தரா பார்த்துச் சொன்னா: "இவ்வளவுதானா? மொக்கை ஜோக். இதுக்கா இத்தனை வருஷம் பயந்தீங்க? பள்ளிக்கூடம் போற பஸ்ல பின் சீட்டுல உட்கார்ற பசங்க தினமும் இதைவிட நல்லாச் சொல்லுவானுங்க."

அண்ணி படார்னு எழுந்துட்டாங்க. "யாரு? எந்தப் பசங்க? தினமுமா? ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

வாயாடி அம்மாவோட கையைப் பிடிச்சு இழுத்து உட்கார வெச்சா. "நான் பார்த்துக்குறேன்மா. படம் ஓடுது பாரு."